போட்டில் கேஸ் அடுப்பு: ஜன்னலைப் பார்க்கும் முன் சிலிண்டருக்குக் கீழே வழி இருக்கிறதா என்று பாருங்கள்

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிச் செல்ல, கூரை போட்ட பைபர் கிளாஸ் போட் ஒன்றைத் தயார் செய்கிறாராம். பின்பக்கம் பலகை அடித்துச் சின்ன அறை மாதிரி ஆக்கி, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு வைத்து, தேத்தண்ணியும் ரொட்டியும் சூடாகக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். 5 கிலோ சிலிண்டரை இருக்கைக்கு அடியில் வைக்கலாமா, காற்றோட்டத்துக்கு ஒரு ஜன்னல் போதுமா என்பது கேள்வி. "வீட்டில் லயக் காம்பராவுக்குள் சிலிண்டர் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே அண்ணா" என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, இருக்கைக்கு அடியில் வைக்கக் கூடாது. ஒரு ஜன்னல் போதவே போதாது. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் போட்டில் மட்டுமல்ல, வீட்டிலும் சிலிண்டரை எங்கே வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் சமையலறைகளுக்கு கேஸ் லைன் போடுவது என் வேலை. மலையகத்தில் நான் போய்ப் பார்க்கும் இடங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான் இருக்கும்: மேலே ஜன்னல் இருக்கும், கீழே காற்று போக ஒரு விரலளவு இடைவெளிகூட இருக்காது.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. அதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த கேஸ் புகை மாதிரி மேலே எழும்பி ஜன்னல் வழியாகப் போகாது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையோடு ஊர்ந்து, எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கி நிற்கும். வீட்டில் கதவுக்கு அடியில் சந்து இருந்தால் கொஞ்சமாவது வெளியே போகும். போட்டுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் உள்ளே வராதபடி கட்டியது எதுவோ அது கேஸையும் வெளியே விடாது. மிதிபலகைக்குக் கீழே உள்ள பள்ளம்தான் போட்டில் மிகத் தாழ்ந்த இடம். பேட்டரி வயரும், தண்ணீர் இறைக்கிற மின்சார பம்பும் இருப்பதும் அதே இடத்தில்தான். பம்பின் சுவிட்சில் ஒரு சின்னப் பொறி போதும்.

எவ்வளவு கேஸ் கசிந்தால் ஆபத்து என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காற்றில் ஏறக்குறைய 2 வீதம் கேஸ் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். 9 அல்லது 10 வீதத்தைத் தாண்டினால் காற்று போதாமல் பற்றாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் ஆபத்து. உங்கள் போட்டின் மிதிபலகைக்குக் கீழே அரைக் கன மீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 2 வீதம் என்றால் 10 லீட்டர் கேஸ். திரவமாகப் பார்த்தால் 20 கிராமுக்குச் சற்று மேல், மூன்று மேசைக்கரண்டிகூட வராது. 5 கிலோ சிலிண்டருக்குள் அதைப் போல 200 மடங்குக்கு மேல் இருக்கிறது. கிளிப் சரியாக இறுகாத ஒரு ட்யூப், இரவு முழுக்கச் சத்தமில்லாமல் கசிந்தால் காலையில் அந்தப் பள்ளம் நிரம்பியிருக்கும். நீங்கள் வந்து ஏறி, மோட்டரை ஸ்டார்ட் பண்ண சாவியைத் திருப்புகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். போட்டுகளில் கேஸ் வெடிப்பு இந்த மாதிரித்தான் நடக்கலாம்.

அதனால் போட்டில் சிலிண்டருக்கு என்று தனிப் பெட்டி வேண்டும். சிறிய படகுகளின் கேஸ் அமைப்புக்கு என்றே சர்வதேசத் தரநிலை ஒன்று இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 10239. அமெரிக்காவில் ஏ.பி.வை.சி. என்கிற படகு கட்டுவோர் அமைப்பின் விதிகள் இருக்கின்றன. சொல்கிற விதம் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான். சிலிண்டர் ஆட்கள் இருக்கிற பகுதிக்குள் இருக்கக் கூடாது. பெட்டியின் சுவர்கள் போட்டின் உட்பக்கத்துக்குக் காற்றுப் போகாதபடி அடைத்திருக்க வேண்டும். மூடி மேல்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும், பக்கத்தில் கதவு வைத்தால் கசிந்த கேஸ் அந்தக் கதவு வழியாகவே போட்டுக்குள் வழிந்துவிடும். பெட்டியின் அடியில், மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து ஒரு குழாய் நேரே போட்டுக்கு வெளியே போக வேண்டும். அது வெளியே முடிகிற இடம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், எத்தனை பேர் ஏறினாலும் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது.

இந்த வடிகுழாய்தான் எல்லாவற்றிலும் முக்கியம், ஆனால் பெட்டி செய்கிற பாஸ்மார் அலட்சியம் செய்வதும் இதைத்தான். உள்விட்டம் குறைந்தது 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று அந்தச் சர்வதேசத் தரநிலை சொல்கிறது. நீங்கள் ஒரு அங்குல பிவிசி குழாய் போட்டுவிடுங்கள், கடையில் எளிதாகக் கிடைக்கும். பெட்டியிலிருந்து வெளியே வரை தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிவாகப் போக வேண்டும். நடுவில் தொங்கி வளைந்தால் அந்த வளைவில் மழைத் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் கேஸை அடைத்துவிடும். குழாய் வெளியே திறக்கிற இடத்துக்கும் போட்டுக்குள் திறக்கிற எந்த ஜன்னல், துவாரத்துக்கும் இடையில் குறைந்தது அரை மீட்டர் தூரம் இருக்கட்டும். மோட்டரின் புகைக் குழாய்ப் பக்கமும் போகக் கூடாது.

நம் ஊருக்கென்று ஒரு விஷயமும் உண்டு. ஒரு போட்டில் பெட்டியும் சரி, குழாயும் சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பெட்டிக்குள் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் இறங்கவில்லை, பெட்டிக்குள்ளேயே நின்றது. குழாயின் வெளிமுனையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பி விட்டுக் குத்தியதும் காய்ந்த மண் கட்டி கட்டியாக உதிர்ந்து விழுந்தது, அப்புறம்தான் தண்ணீர் வழிந்தது. தோட்டப்புறத்தில் குளவியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போட்டை ஒரு வாரம் கரையில் கட்டிவைத்தாலே இது நடக்கும். குழாய் முனையில் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள வலை ஒன்றைக் கட்டுங்கள், ஆனால் வலையை நம்பி விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தடையில்லாமல் வெளியே போனால் கேஸும் போகும்.

பெட்டியை எங்கே வைப்பது? உங்கள் போட்டில் பின்பக்கம் மோட்டர் இருக்கும், அதோடு பெட்ரோல் கேன், பேட்டரி. அந்தப் பக்கத்தில் சிலிண்டர் வேண்டாம். கூரைக்கு வெளியே, முன்பக்கத் தட்டில் அல்லது ஓரத்தில் வைப்பது நல்லது. பெட்டிக்குள் சிலிண்டரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. கயிறு, நங்கூரம், ஸ்பேனர் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கயிறு வால்வில் சிக்கும், இரும்பு விழுந்து ரெகுலேட்டரை உடைக்கும், பழைய துணி வடிகுழாயை அடைக்கும். சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், பட்டி போட்டுக் கட்டியிருக்க வேண்டும். படுக்க வைத்தால் வால்வு வழியாகக் கேஸுக்குப் பதில் திரவமே வெளியே வரும், அது ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்குப் போனால் தீ பெரிதாக எழும்பும். மாற்றுச் சிலிண்டர் ஒன்று கொண்டு போகிறீர்கள் என்றால் அதுவும் இதே பெட்டிக்குள்தான். முடிந்துபோன சிலிண்டரும் காலியானது இல்லை, அதற்குள் இன்னும் கேஸ் இருக்கிறது.

ட்யூப் விஷயத்துக்கு வருவோம். சிலிண்டரிலிருந்து அடுப்பு வரை முடிந்தவரை செப்புக் குழாய், இரண்டு முனையிலும் மட்டும் சிறிய ரப்பர் ட்யூப் என்பதுதான் நல்ல முறை. உங்கள் போட் சிறியது, செலவு தாங்காது என்றால், ரெகுலேட்டரிலிருந்து அடுப்பு வரை இடையில் எந்த ஜொயிண்டும் இல்லாத ஒரே ட்யூப் போடுங்கள். பெட்டிச் சுவரைத் தாண்டுகிற துளையில் ரப்பர் வளையம் போட்டு, சுற்றிலும் காற்றுப் போகாதபடி அடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் துளை வழியாகவே கேஸ் உள்ளே வரும். மோட்டர் ஓடும்போது போட் முழுக்க அதிரும். அந்த அதிர்வில் ட்யூப் பலகை விளிம்பில் உரசி உரசித் தேயும். அதனால் ஓரிரு அடிக்கு ஒரு கிளிப் போட்டுப் பொருத்துங்கள். ட்யூபில் அச்சடித்திருக்கிற வருஷத்தைப் பார்த்து வாங்குங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது கிளிப்பைத் தளர்த்தி, அதற்கு அடியில் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கிற ட்யூப், கிளிப் அழுத்திய இடத்தில் மட்டும் சுற்றிவர வெடித்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரெகுலேட்டர் வீட்டுக்குரிய தாழ்ந்த அழுத்தத்தில் வேலை செய்கிறதாக இருக்கட்டும், சுமார் 30 மில்லிபார். கடைகளில் கொத்து ரொட்டி போடுகிற இடத்தில் இரைச்சலோடு எரிகிறதே, அந்த ஹை பிரஷர் பர்னர் போட்டுக்கு வேண்டவே வேண்டாம். அடுப்பு வாங்கும்போது, தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்துகிற அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பர்னர் பக்கத்தில் சின்னக் கம்பி முனை ஒன்று தீயில் படுகிற மாதிரி நிற்கும். அது சூடாக இருக்கும் வரைதான் வால்வு திறந்திருக்கும், தீ அணைந்து அது ஆறிய கொஞ்ச நேரத்தில் வால்வு மூடிவிடும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் காசல்ரீயில் மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று அடிக்கிற அடியில் அடுப்புத் தீ எத்தனை முறை அணையும் என்று நீங்களே அறிவீர்கள். தீ அணைந்தது தெரியாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டிருப்பதுதான் போட்டில் நடக்கிற இன்னொரு பெரிய ஆபத்து. அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் சறுக்காமல் இருக்கக் கம்பி வேலியும் போட்டுவிடுங்கள்.

இப்போது காற்றோட்டம். இங்கே இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கசிந்த கேஸ் வெளியே போவது. அதற்குக் கீழே வழி வேண்டும். மற்றது, எரிகிற அடுப்புக்குக் காற்று வருவதும், எரிந்த புகை போவதும். அதற்குக் கீழேயும் வேண்டும், மேலேயும் வேண்டும்.

காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மொனொக்சைட் என்கிற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. முதலில் தலைவலி, பிறகு வாந்தி வருகிற மாதிரி, பிறகு தூக்கம். போட்டில் வந்தவர்கள் "அலையில் தலை சுற்றுகிறது" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். அது கடல்மட்டக் கணக்கு. காசல்ரீ சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டர். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், எனவே அதே தீக்கு அங்கே இன்னும் கூடுதலான கன அளவு காற்று வேண்டும். தண்ணீர் கொதிப்பதும் அங்கே 94 பாகைக்குப் பக்கத்தில். பருப்பு வேக நேரம் பிடிப்பது இதனால்தான், அடுப்பு எரிகிற நேரமும் அதற்கேற்பக் கூடும். கொழும்பில் போதும் என்று சொல்கிற காற்றோட்டம் நமக்குக் குறைவு.

அளவு என்ன என்று கேட்பீர்கள். பிரிட்டனில் கால்வாய்ப் படகுகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அடுப்பின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 2,200 சதுர மில்லிமீட்டர், உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் 650 சதுர மில்லிமீட்டர் திறப்பு. உங்கள் இரண்டு பர்னர் அடுப்பு 4 கிலோவாட், சமையல் அறைக்குள் இரண்டு பேர் என்றால் 10,100 சதுர மில்லிமீட்டர், அதாவது சுமார் 100 சதுர சென்டிமீட்டர். அதில் பாதி கீழே, பாதி மேலே. கீழே 8 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர், மேலே அதே அளவு என்று நீங்கள் வெட்டினால் நம் உயரத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். வலை போட்டால் வலைக்கம்பி மறைக்கிற இடத்துக்காக இன்னும் பெரிதாக வெட்டுங்கள்.

இந்தத் துவாரங்கள் மூட முடியாதவையாக இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஜன்னல் என்றால் மூடுவோம். டிசம்பரில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் விடியற்காலையில் பனி இறங்கும், வந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு "அந்த ஷட்டரை இறக்குங்க தம்பி" என்பார்கள். நீங்களும் இறக்குவீர்கள், கேட்டால் மறுக்க முடியாது. மூட முடியாத துவாரம் இருந்தால் அந்தப் பிரச்சினையே வராது. அடுப்பைக் குளிர் காயவும் யாரும் பயன்படுத்தக் கூடாது. சமைத்து முடிந்தால் தீ அணைய வேண்டும். கரிச் சட்டியை உள்ளே வைத்துக் கதகதப்பாக இருப்பது இன்னும் மோசம், கரி எரியும்போது கார்பன் மொனொக்சைட் மிக அதிகமாக வரும். வீடுகளில் கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

குளிர் என்றதும் இன்னொன்று. விடியற்காலையில் தீ மெலிதாக எரிகிறது, சிலிண்டரில் கேஸ் இருந்தும் வரமாட்டேன் என்கிறது என்று மலையகத்தில் எல்லோரும் சொல்வார்கள். சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது கொதித்துத்தான் கேஸாக வெளியே வரும். பியூட்டேன் பூச்சியம் பாகைக்கு அரை பாகை கீழேதான் கொதிக்கத் தொடங்கும், புரொப்பேன் பூச்சியத்துக்கு 42 பாகை கீழேயே கொதித்துவிடும். 25 பாகையில் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 1.4 பார், புரொப்பேனுடையது 8 பாருக்கு மேல். பியூட்டேன் அதிகமுள்ள கலவை நுவரெலியாவின் ஜனவரி விடியலில் சோர்ந்துபோகும். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, விறகு அடுப்புப் பக்கம் நகர்த்துவது, டார்ச் கொண்டு சூடாக்குவது எதையும் செய்யாதீர்கள். வெயில் ஏறும் வரை காத்திருங்கள், அல்லது முந்திய இரவே பெரிய பிளாஸ்க்குகளில் வெந்நீர் நிரப்பிவையுங்கள்.

இந்தக் கலவை எவ்வளவு முக்கியம் என்பதை நாடே 2021 நவம்பர், டிசம்பரில் பார்த்தது. ஊர் ஊராக அடுப்புகளும் ட்யூப்களும் வெடித்தன, ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்து, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதை முக்கிய காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். பழைய ட்யூபும் தேய்ந்த வாஷரும் அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவை, அழுத்தம் கூடியதும் தாங்கவில்லை. "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை" என்பதற்கு என் பதில் இதுதான் தம்பி. உங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை, சிலிண்டருக்குள் இருப்பது மாறியது. நம் கையில் இருப்பது ட்யூபும் வாஷரும் காற்றுவழியும் மட்டும்தான், அவற்றையாவது சரியாக வைத்துக்கொள்வோம்.

கசிவு பார்ப்பது எளிது. சோப்புத் தண்ணீரை நன்றாக நுரைக்கக் கரைத்து, ரெகுலேட்டர் இணைப்பு, ட்யூபின் இரண்டு முனை, அடுப்புக் குமிழ் ஆகிய இடங்களில் தூரிகையால் தடவுங்கள். குமிழி எழும்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது கூடவே கூடாது. போட்டுக்கு இன்னும் நல்ல வழி, சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில் ஒரு அழுத்தமானி பொருத்துவது. அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க, சிலிண்டரைத் திறந்து மூடுங்கள். முள் மூன்று நிமிஷத்துக்கு அசையாமல் நின்றால் சரி. இறங்கினால் எங்கோ கசிகிறது, கண்டுபிடிக்கும் வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். உங்கள் சிலிண்டரின் வால்வு வகைக்குப் பொருத்த முடியுமா என்று கேஸ் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கேஸ் அலாரம் வாங்கினால் மிதிபலகைக்கு அருகில், தாழ்வாகப் பொருத்துங்கள், தண்ணீர் தெறிக்காத உயரத்தில். கூரையில் மாட்டினால் பயனில்லை. கார்பன் மொனொக்சைட் அலாரம் தனிச் சாதனம், அது ஆட்கள் மூச்சு விடும் உயரத்தில். மூக்கை மட்டும் நம்ப முடியாது. வாசனைக்காக மெர்காப்டன் கலக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் கேஸ் தரையோடு கிடக்கும்போது நின்றுகொண்டிருப்பவருக்கு வாசனை வருவதற்குள் நேரம் போய்விடும். நம் குளிரில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு வேறு.

தினசரி பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன், இதற்குச் செலவே இல்லை. சமைத்து முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள், அடுப்பை எரிய விடுங்கள். ட்யூபில் இருக்கிற மிச்சக் கேஸ் எரிந்து தீ தானாக அணையும். அப்புறம் அடுப்புக் குமிழை மூடுங்கள். இதைச் செய்தால் இரவில் கசிய ட்யூபில் எதுவும் இருக்காது. காலையில் போட்டில் ஏறியதும் முதல் வேலை மிதிபலகையைத் தூக்கிக் குனிந்து முகர்ந்து பார்ப்பது. மோட்டர் சாவி அதற்குப் பிறகுதான். பெட்ரோல் ஊற்றும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும், பெட்ரோல் ஆவியும் கனமானது, அதுவும் அதே பள்ளத்துக்குத்தான் போகும்.

வாசனை வந்துவிட்டால்? சிலிண்டரை மூடுங்கள். எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மோட்டர் ஓடவில்லை என்றால் ஓடாமலேயே இருக்கட்டும். மின்சார பம்பைப் போட்டு இறைக்கலாம் என்று தோன்றும், அதைத் தொடவே தொடாதீர்கள். மூடியிருக்கிற எல்லாவற்றையும் திறந்து, ஆட்களை அடுப்பு அறையிலிருந்து தள்ளித் திறந்த பக்கத்துக்கு வரச் செய்து, துடுப்புப் போட்டுக் கரைக்கு வாருங்கள். எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும், அது வாசனை வந்த பிறகு தேட வேண்டிய பொருள் இல்லை. கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு கைப்பம்பு இருந்தால் பள்ளத்தை இறையுங்கள். தண்ணீரை இறைக்கிற மாதிரியே கேஸும் வெளியே வரும். வாசனை முற்றிலும் போன பிறகும் காரணம் தெரியும் வரை பற்றவைக்க வேண்டாம். ட்ரை பவுடர் தீயணைப்பான் ஒன்று அறையின் வாசல் பக்கத்தில் மாட்டியிருக்கட்டும். அடுப்புக்கு மேலே மாட்டினால் தீ பிடித்த நேரத்தில் கையெட்டாது.

சின்ன டின் கேஸில் எரிகிற போர்ட்டபிள் அடுப்பு வைத்தால் இவ்வளவு வேலை இல்லையே என்று கேட்கலாம். அந்த டின்னில் பெரும்பாலும் பியூட்டேன், கசிந்தால் அதே பள்ளத்துக்குத்தான் போகும். பெரிய தாச்சியை வைத்தால் சூடு டின் மேல் இறங்கி டின் வெடிக்கலாம். மூடிய அறைக்குள் அதுவும் வேண்டாம், உபரி டின்களும் வெளிப்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

என் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். உங்கள் போட் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்கும்? ஒரு சுற்று ஒரு மணி நேரம் என்றால் கேஸே வேண்டாம். இறங்குதுறைப் பக்கத்தில் கரையில் ஒரு கொட்டகை போட்டு அங்கே ரொட்டி சுடுங்கள், சம்பலோடு கட்டி, சூடு தாங்கும் பெட்டியில் வைத்து ஏற்றுங்கள். தேத்தண்ணியைப் பெரிய பிளாஸ்க்கில் கொண்டு போங்கள். வந்தவர்களுக்கு நடு நீர்த்தேக்கத்தில் கையில் ஒரு சூடான கோப்பை கிடைத்தால் போதும், அது எங்கே கொதித்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அரை நாள், முழு நாள் என்று ஓட்டுகிற திட்டம் இருந்தால் மட்டும் மேலே சொன்ன பெட்டி, குழாய், துவாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து கேஸ் வையுங்கள். பாதி செய்து பாதி விடுவதாக இருந்தால் வைக்கவே வேண்டாம்.

கடைசியாக உங்கள் வீடு. லயக் காம்பராவில் சிலிண்டரை வெளியே கொண்டுபோவதுதான் சரி. பின்பக்கச் சுவருக்கு வெளியே, வெயில் மழை படாதபடி சின்னக் கூரை போட்டு, கம்பிக் கதவு வைத்த கூட்டுக்குள் நிறுத்தி, சுவரில் துளை போட்டு ட்யூபை உள்ளே கொண்டுவரலாம். அந்தத் துளைக்குள் ஒரு துண்டு பிவிசி குழாயைச் செருகி அதன் வழியாக ட்யூபை விடுங்கள், சிமெந்து விளிம்பில் ட்யூப் அறுபடாது. கூட்டுக்குப் பக்கத்தில் கான் போகிறதா என்று பாருங்கள். கேஸ் கானுக்குள் இறங்கினால் கான் வழியாகவே ஓடும். நம் லயங்கள் மலைச்சரிவில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருக்கின்றன, உங்கள் வீட்டில் கசிந்தது கீழ் லயத்து விறகு அடுப்பைத் தேடிப் போகும். வெளியே வைக்க வழியே இல்லை, திருட்டுப் பயம் இருக்கிறது என்றால், உள்ளே வாசல் பக்கமாக வைத்து, கதவின் அடியிலோ சுவரின் அடியிலோ கம்பி வலை போட்ட ஒரு துவாரம் வெட்டுங்கள். குளிர் வருகிறது என்று சாக்கு வைத்து அதை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு அடுப்பும் கேஸும் ஒரே அறையில் இருக்கிற வீடுகளில் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் எரிய விடாதீர்கள்.

போட்டின் நீளம், அகலம், மோட்டர் எந்தப் பக்கம், பேட்டரி எங்கே என்பதை ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியை எந்தப் பக்கம் வைத்தால் குழாய் சரிவாக வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.